கரைக்கு வந்த படகும் அஸ்ஃபியாவின் பக்கமும்

"ஒரு நிமிஷம் உங்க போனைக் கொடுங்களேன். ஒண்ணும் பண்ண மாட்டேன், ஒரு பக்கம் திறக்குதான்னு மட்டும் பாத்துட்டுத் தந்துடுறேன்."

கோட்டுச்சேரி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் இப்படிக் கை நீட்டிவிடுவாள் அஸ்ஃபியா. கீழவாஞ்சூரில் நிலக்கரி ஏற்றக் காத்திருக்கும் லாரி ஓட்டுநரிடமும் கேட்பாள். திரை விரிசல் விட்டு, ஓரம் தேய்ந்து, எழுத்து பாதி மறைந்த போன் என்றால் அவளுக்கு முகம் மலர்ந்துவிடும். தான் செய்த இணையதளத்தின் பெயரை அதில் தட்டிவிட்டு உதட்டுக்குள் பிஸ்மி சொல்லுவாள். சொல்லி முடிப்பதற்குள் பக்கம் திறந்துவிட வேண்டும். அதுதான் அவள் கணக்கு. காரைக்காலில் பலருக்கு இது பழகிவிட்டது. மருந்துக்கடைக்காரர் மாத்திரையோடு சேர்த்துத் தன் போனையும் நீட்டிவிடுகிறார்.

"என் போன்ல எல்லாமே பறக்கும். அதை வச்சு ஊரு நிலவரம் எப்படித் தெரியும்?" என்பாள்.

சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். மாடியில் ஜன்னலோரம் மேசை; மேசையில் எப்போதும் ஆறிப்போன தேநீர். ஒன்றும் ஓடாதபோது தலைத்துணியின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்ப்பாள். "துணி கிழியிறதுக்குள்ள அந்த வேலை முடிஞ்சா சரி" என்பாள் அவள் உம்மா ஆஸியா பீவி.

தொழிலில் அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. இணையதளங்களை அவள் அடியிலிருந்து எழுதுவதில்லை. யார் யாரோ எழுதி, எல்லோரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று திறந்துவிட்ட ஒரு ஃபிரேம்வொர்க்கின், அதாவது ஆயத்தச் சட்டகத்தின், மேல்தான் கட்டுகிறாள். அதன் உள்ளே மட்டும் கை வைக்கவே மாட்டாள். புதிதாக ஒன்று வேண்டுமென்றால் பிளகின் என்ற சின்ன இணைப்பு நிரலைத் தனியாக எழுதி வெளியிலிருந்து மாட்டுவாள்.

"அடுத்தவங்க கட்டுன சுவத்தை நாம ஏன் இடிக்கணும்? அங்கங்க கொக்கி வச்சிருக்காங்க. நம்ம சாமானை அதுல மாட்டிக்க வேண்டியதுதான்."

திருவேட்டக்குடி மீனவர் குழுவின் செயலாளர் செல்லையன் அவளைத் தேடி வந்ததே இந்தச் சுவர் விவகாரத்தால்தான். எந்தப் படகு கடலில் இருக்கிறது, எது கரைக்கு வந்தது என்று காட்ட வேறொருவரிடம் ஒரு தளம் செய்து வாங்கியிருந்தார்கள். செய்தவர் ஃபிரேம்வொர்க்கின் உள்ளேயே வெட்டி ஒட்டியிருந்தார். அடுத்த பதிப்பு வந்து ஏறியதும் ஒட்டியதெல்லாம் அழிந்துபோனது. அஸ்ஃபியா அதைப் புதிதாகக் கட்டிக்கொடுத்தாள்.

ஐப்பசியில் முதல் காற்றழுத்தத் தாழ்வு வந்தது. படகுகளைத் திரும்பச் சொல்லி அறிவிப்பு. ஊரிலிருப்பவர்கள், துபாயிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் என அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்தார்கள். ஒவ்வொருவர் கேட்கும்போதும் சர்வர் முதலிலிருந்து கணக்குப் போட்டுப் பக்கத்தை எழுதித் தர வேண்டியிருந்தது. மூச்சு முட்டி நின்றுவிட்டது.

அஸ்ஃபியா பக்கங்களைக் கேஷில் வைக்கும் ஏற்பாட்டைச் செய்தாள். ஒரு முறை எழுதிய பக்கத்தை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டு, கேட்பவர்களுக்கெல்லாம் அதையே கொடுப்பது. சர்வர் திணறக் கூடாதென்று நெடுநேரம் வைத்திருக்கவும் சொல்லிவிட்டாள்.

கார்த்திகை பிறந்ததும் அடுத்த காற்று. இந்த முறை தளம் அசையவில்லை. எவ்வளவு பேர் வந்தாலும் பக்கம் பட்டென்று திறந்தது. மாடியில் உட்கார்ந்து அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள் அஸ்ஃபியா.

மறுநாள் செல்லையன் வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"நம்ம அமுதம் தெரியுமில்ல? மீன் விக்கிற பொண்ணு. அது வீட்டுக்காரர் படகு மத்தியானமே அரசலாத்துத் துறைமுகத்துக்கு வந்துடுச்சு. நானே பதிஞ்சேன். உன் பக்கம் சாயங்காலம் வரைக்கும் 'கடலில்'னே காட்டிக்கிட்டிருந்துச்சு. அவரு போன் தண்ணியில நனைஞ்சு போச்சு. இந்தப் பொண்ணு மழையில கடற்கரையில உக்காந்துடுச்சு. வந்துட்டாரு, எழுந்திரும்மான்னு எல்லாரும் சொல்றோம். 'போன்லயே கடல்லன்னு போட்டிருக்கு, சும்மா என்னைத் தேத்தாதீங்க'ங்குது."

அஸ்ஃபியா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். செல்லையன் தொடர்ந்தார்.

"கடைசியில அந்த மனுசன் ஷேர் ஆட்டோ புடிச்சு வந்து மணல்ல நடந்து வராரு. அப்பவும் இது போனைப் பாத்து அழுதுக்கிட்டிருக்கு. இந்தப் பக்கம் இல்லைன்னா நேரா துறைமுகத்துக்கு ஓடிப் பாத்திருக்குமில்ல? பேசாம எடுத்துடு தங்கச்சி."

"ஒரு வாரம் கொடுங்கண்ணே. எடுக்கணும்னா நானே எடுத்துடுறேன்."

அன்று முழுக்க அவள் மேசையிலேயே இருந்தாள். கேஷை எடுத்துவிட்டால் அடுத்த காற்றில் தளம் மறுபடி விழும். வைத்திருந்தால் பொய் சொல்லும். தலைத்துணி விரலில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. கடிகாரத்தைப் பார்த்துப் பழைய பக்கத்தைத் தூக்கிப் போட்டதுதான் தப்பு என்று மெல்லப் பிடிபட்டது. செய்தி மாறும்போதுதான் தூக்கிப் போட வேண்டும்.

அதற்கும் ஒரு கொக்கி இருந்தது. படகின் நிலை பதிவாகும் இடத்தில் தன் பிளகினை மாட்டினாள். செல்லையன் 'கரையில்' என்று அழுத்திய அந்தக் கணமே பழைய பக்கங்களை அது வீசிவிடும். ஒத்திகை பார்த்தபோது எல்லாப் பக்கங்களையும் மொத்தமாக வீசி, சர்வரை மறுபடி திணறடித்தது. திருத்தினாள். எந்தப் படகு மாறியதோ அந்தப் படகு இடம்பெறும் பக்கங்கள் மட்டும் போகும்; புதிய பக்கத்தை ஒரே ஒருமுறை எழுதி முடிக்கும்வரை மற்றவர்கள் ஒரு நொடி காத்திருப்பார்கள். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அது எழுதப்பட்ட நேரம் கொட்டை எழுத்தில் வரும்படி செய்தாள்.

முடிந்ததும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று அதைத் திறந்துவிட்டாள். எந்த நாட்டுக்காரரோ ஒருவர் படித்துப் பார்த்து, ஓரிடத்தில் பிழை இருப்பதைச் சொல்லித் திருத்தமும் எழுதி அனுப்பினார்.

"யாரு அவரு?" என்றாள் ஆஸியா பீவி.

"தெரியாதும்மா."

"மொகம் தெரியாத மனுசன் வந்து ஒன் வேலையத் திருத்திக் கொடுக்குறாரா? அல்லாஹ் அவருக்கு நல்ல ஹயாத்தை, நீண்ட ஆயுசைக் கொடுக்கட்டும்."

அஸ்ஃபியா திருவேட்டக்குடிக்குப் போய் அமுதத்தைப் பார்த்தாள். செய்ததையெல்லாம் சொன்னாள். மன்னிப்பும் கேட்டாள். அமுதம் கூடையைக் கழுவிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"எனக்கு அதெல்லாம் புரியாது தங்கச்சி. அடுத்த தடவை காத்தடிச்சா நீ இங்க வந்து என் பக்கத்துல உக்காரு. உன் பக்கம் என்ன சொல்லுதுன்னு ரெண்டு பேரும் சேந்து பாப்போம்."

"வரேன்க்கா."

கார்த்திகை முடிவதற்குள் மூன்றாவது காற்று வந்துவிட்டது. பஸ்கள் நிற்பதற்கு முன்பே லேப்டாப்பைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு அஸ்ஃபியா அமுதம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். வெளியே மழை சாய்ந்து அடித்தது. செல்லையன் துறைமுகத்தில் நின்றார். ஒவ்வொரு படகாக 'கரையில்' என்று மாறிக்கொண்டிருந்தது. ஒரு பெயர் மாறும்போதெல்லாம் பக்கத்து வீடுகளில் எங்கிருந்தாவது ஒரு சத்தம் எழுந்தது. சர்வர் அசையவில்லை. ஆனால் அஸ்ஃபியாவுக்கு இந்த முறை சிரிப்பு வரவில்லை. அமுதம் வீட்டுப் படகு இன்னும் 'கடலில்' என்றே இருந்தது.

அமுதம் கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். "நான் துறைமுகத்துக்கு நடந்தே போறேன்."

"போன தடவை மாதிரி இல்லக்கா" என்று சொல்ல வாயெடுத்தாள் அஸ்ஃபியா. அதைச் சொல்லத் தனக்கு உரிமையில்லை என்று தோன்றியது. "இப்ப படகு நெசமாவே கடல்லதான் இருக்கு. வந்தா மாறிடும். நீங்க போறதுன்னா நானும் வரேன்" என்று எழுந்தாள்.

அமுதம் அவள் முகத்தைப் பார்த்தாள். வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். மடியில் போன். பக்கத்தின் தலையிலிருந்த நேரம் ஒவ்வொரு படகுக்கும் மாறியது. அஸ்ஃபியா உள்ளுக்குள் ஓதிக்கொண்டிருந்தாள்.

மாறிவிட்டது.

அஸ்ஃபியா தன் திரையில் பார்த்துவிட்டாள். ஆனால் சொல்லவில்லை. அமுதம் போனை முகத்தருகே கொண்டுபோய் எழுத்துக் கூட்டுவது போல வாசித்தாள். "க-ரை-யில்." நேரத்தையும் வாசித்தாள். சுவரில் இருந்த கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தாள். செல்லையனுக்குப் போன் போட்டாள், லைன் கிடைக்கவில்லை. மறுபடி போடவில்லை. தலையிலிருந்த துண்டை எடுத்துக் கொடியில் போட்டாள்.

உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்து உலை ஏற்றினாள். படியை அரிசிப் பானைக்குள் விட்டவள், "பசியோட வருவாரு. நீயும் சாப்பிட்டுட்டுதான் போகணும்" என்றாள்.

அஸ்ஃபியா லேப்டாப்பை மூடி ஓரமாக வைத்தாள். முறத்திலிருந்த சின்ன வெங்காயத்தைத் தன் பக்கம் இழுத்து உரிக்க ஆரம்பித்தாள்.