பீச்சாங்கை வண்டி

மார்லிஸ் ஜாஸ்ட்ரோ இரண்டு முறை கல்யாணம் செய்துகொண்டாள், இரண்டும் நிலைக்கவில்லை. வண்டி மட்டும் ஒன்றே ஒன்று. பத்தொன்பது வயதில் ஒரு பண்ணை ஏலத்தில் எடுத்த 1948 ஹார்லி மோட்டார் சைக்கிள். எடுத்த வாரமே ரம்பத்தைத் தூக்கி அதன் சட்டத்தை அறுத்துவிட்டாள்.

அறுத்து, கழுத்தைச் சாய்த்து, முன்சக்கரத்தை நன்றாக முன்னால் தள்ளினாள். முன் பிரேக்கைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். பெரிய டாங்கிக்குப் பதில் ஒரு குட்டி டாங்கி. அதற்குப் பச்சை வண்ணமும் அவளே பூசினாள். வெயில் பட்டால் அந்தப் பச்சைக்குள் ஏதோ நீந்துவது போலிருக்கும். பால் பண்ணைகளின் எஃகுத் தொட்டிகளுக்கு வெல்டிங் வைப்பது அவள் பிழைப்பு. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் நடுவே, மனிதர்களைவிட மாடுகள் அதிகமுள்ள எங்கள் பக்கத்தில் அந்த வேலைக்குப் பஞ்சமே இல்லை. பகலில் தொட்டி, சாயங்காலம் வண்டி. அதில் எதையாவது மாற்றாமல் ஒரு குளிர்காலம்கூட அவளுக்குக் கழியாது.

இந்த ஊருக்குத் தபால் போடுகிறவன் நான். பிறந்தது திண்டுக்கல் பக்கம், வாழ்ந்து முடிக்கப்போவது இங்கேதான். என்னிடம் இருப்பது ஒரு ஜப்பான் வண்டி. அதை மதுக்கடை வாசலில் நிறுத்தக் கூடாது, ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான் நிறுத்த வேண்டும் என்று சட்டம் போட்டவள் மார்லிஸ். கோபித்துக்கொண்டு என்ன பயன்? அங்கேதான் நிறுத்தினேன்.

அவளுடைய அண்ணன் டெல்மர் நேர் எதிர். தீவன ஆலையில் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற கட்டைப் பிரம்மச்சாரி. அவரிடம் 1947 இந்தியன் ஒன்று இருந்தது. அந்தக் கம்பெனிக்கும் நம் தேசத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, பெயர் மட்டும்தான். பாவாடை கட்டியதுபோல் சக்கரத்தைப் பாதி மறைக்கும் பெரிய மட்கார்டுகள். சிவப்பு வண்ணம் தொழிற்சாலையில் பூசியது. மங்கிப்போய், அங்கங்கே வெடித்து, ஆனால் அதே வண்ணம். யாராவது பாலிஷ் டப்பாவோடு அருகில் வந்தால் டெல்மர் அடிக்கவே போய்விடுவார்.

"ஒரிஜினல் ஒரு தடவைதான்யா இருக்கும்" என்பார். "அதுக்கு மேல நீ என்ன பூசினாலும் மேக்கப்பு."

வெளியூர்க்காரர்களிடம் தங்கையை அவர் அறிமுகப்படுத்துவதே, "இது மார்லிஸ். கசாப்புக்கடை வெச்சிருக்கா" என்றுதான். ஒரு 1948 ஹார்லியை அறுத்த பாவத்தை அவர் மன்னிக்கவே இல்லை. அவளும் விடுகிறவள் அல்ல. பழைய ஹார்லியில் வலது பிடியை முறுக்கினால் பெட்ரோல் பாயும். இந்தியனில் இடது பிடியை முறுக்க வேண்டும். அது போதாதா அவளுக்கு? அண்ணனின் வண்டிக்கு அவள் வைத்த பெயரைத் தமிழில் பீச்சாங்கை வண்டி என்றுதான் சொல்ல முடியும். நன்றி தெரிவிக்கும் நாள் விருந்தில் வான்கோழியை அறுக்கும்போதுகூட ஒருவரையொருவர் இப்படித்தான் ஏசிக்கொள்வார்கள்.

"நீயும் இந்தியன்தானே, தபாலு? நியாயமா அவன் பக்கம்தான் நீ நிக்கணும்" என்று என்னை இழுப்பாள்.

"என் வண்டியே ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்குது. நான் எந்தப் பக்கம் நின்னா என்ன?" என்பேன்.

போன வருஷம் அக்டோபரில், அவள் வீட்டு முற்றத்திலேயே, விறகு பிளக்கும் இயந்திரத்தில் அவளுடைய வலது கை மாட்டிக்கொண்டது. கட்டை விரலும் சுண்டு விரலும் மிஞ்சின. காயம் ஆறியது. கையால் எதையாவது தாங்கிப் பிடிக்கலாம், பிடித்து முறுக்க முடியாது. வெல்டிங் வேலையை மருமகனிடம் ஒப்படைத்தாள். அதற்கு அவள் அவ்வளவாக அழவில்லை. கொட்டகையில் நின்ற பச்சை வண்டியைப் பார்த்துத்தான் அழுதாள். நான் தபாலோடு போனபோது முகத்தைக்கூடத் துடைத்துக்கொள்ளவில்லை.

சிகாகோவிலிருந்து ஒருவர் வாங்க வந்தார். பழைய வண்டிகளைச் சேர்ப்பவர், மரியாதையான மனிதர். அறுத்த சட்டத்துக்குப் பதில் அந்தக் காலத்துச் சட்டம், குட்டி டாங்கிக்குப் பதில் பெரிய டாங்கி என்று எல்லாவற்றையும் தேடிப் போட்டு, வண்டியைப் பழையபடி ஆக்கிவிடுவாராம். பழையபடி என்றால், மார்லிஸ் என்று ஒருத்தி அதைத் தொட்டதற்கான அடையாளமே இல்லாமல். மே மாதம் வரை பொறுங்கள் என்றாள் அவள். எங்கள் பக்கத்தில் குளிர்காலத்தில் பனி உருகச் சாலையில் போட்ட உப்பை நல்ல மழை கழுவிய பிறகுதான் பழைய வண்டிகள் வெளியே வரும். மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவில் வாசலில் பாதிரியார் வண்டிகளுக்கெல்லாம் தீர்த்தம் தெளிப்பார். அன்றைக்கு என்னால் ஓட்ட முடியவில்லை என்றால் வண்டி உங்களுக்கு என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

மூன்று சக்கரம் வைத்துக்கொள்ளேன் என்று மதுக்கடையில் ஆளாளுக்குச் சொன்னார்கள். "ஐஸ்கிரீம் விக்கப் போறப்ப சொல்றேன்" என்று அவர்கள் வாயை அடைத்துவிட்டாள். பெட்ரோலை இடது கைக்கு மாற்றுவது ஒன்றுதான் வழி. அவளுக்கு அது ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே தெரியும். ஆனால் பிடிக்குள்ளே கேபிள் கோக்க இரண்டு கை வேண்டும். இடது கைப் பெட்ரோலின் குணம் தெரிந்த ஆள் வேண்டும். ஊரில் அப்படி ஒரே ஒரு ஆள்தான் இருந்தார்.

ஜனவரியில், முழங்கால் பனியில், டெல்மரின் கொட்டகைக்குப் போனாள். அவளைக் கொண்டுபோய் விட்டது நான்தான். அடுப்பருகே உட்கார்ந்திருந்த டெல்மர் எழுந்திருக்கவில்லை.

"என்ன வேணும்?"

"என் வண்டிய மாத்தணும்."

"எப்படி?"

அவள் உதட்டைக் கடித்தாள். "உனக்குத் தெரியும். சும்மா கேக்காத."

"தெரியாது. நீயே சொல்லு."

"பீச்சாங்கை வண்டியா ஆக்கிக் குடுடா, கிழட்டுப் பயலே!"

டெல்மர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, நான்தான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். சிரிப்பு அடங்கியதும் அவள் கையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அந்த சிகாகோக்காரர் அதை ஒரிஜினல் ஆக்கிடுவாராமே?" என்றார்.

"ஆமா. உனக்குச் சந்தோஷம்தானே?"

"நாப்பது வருஷமா அதைத்தான் வேண்டிக்கிட்டிருக்கேன்" என்றார் டெல்மர். "நாளைக்கு வண்டியக் கொண்டா."

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கட்டிக்கொண்டால் உதைப்பார் என்பதால் பேசாமல் இருந்தேன்.

குளிர்காலம் முழுக்க இரண்டு பேரும் அந்தக் கொட்டகையில் கிடந்தார்கள். அந்தக் காலத்து ஹார்லியில் இடது பிடி வேறு வேலைக்கு. எஞ்சினுக்குள் தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்பதை அதை முறுக்கித்தான் சொல்ல வேண்டும். உதைத்துக் கிளப்பும்போது பின்னால் தள்ளி வைத்து, வண்டி நகர்ந்ததும் உள்பக்கம் முறுக்க வேண்டும். எல்லாவற்றையும் மாற்றிய மார்லிஸ் அதை மட்டும் மாற்றாமல் வைத்திருந்தாள். இப்போது அந்தப் பிடியில் பெட்ரோல் வந்தது. தீப்பொறிக்கு டாங்கியின் கீழே சின்னதாக ஒரு கம்பி வைத்தார்கள். கிளட்ச் எப்போதும் காலில்தான். கியர்க்கம்பு டாங்கியின் இடது பக்கம். கியர் மாற்றும்போது எப்படியும் பெட்ரோலைக் குறைக்கத்தான் வேண்டும் என்பதால் இரண்டையும் ஒரே கை பார்த்துக்கொள்ளும். வலது கையின் இரண்டு விரல்கள் சும்மா தாங்கினால் போதும். ஏப்ரலில் அவள் டெல்மரின் களத்தில் வட்டமடித்துப் பழகினாள். நன்றாகவே ஓட்டினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். கோவில் வாசலில் வரிசையாக வண்டிகள். டெல்மர் தன் இந்தியனை ஓரமாக, வேலியை ஒட்டி நிறுத்தியிருந்தார். பாதிரியார் தீர்த்தத்தோடு அவர் பக்கம் வந்தபோது, "சாமி, எனக்கு மட்டும் தெளிங்க. பெயிண்டு மேல வேண்டாம்" என்றார். வருஷாவருஷம் சொல்வதுதான். பாதிரியாரும் வருஷாவருஷம் கொஞ்சம் தள்ளித்தான் தெளிப்பார். சிகாகோக்காரரும் வந்து ஓரமாக நின்றிருந்தார்.

தெளித்து முடித்ததும் மார்லிஸ்தான் முதலில் கிளம்ப வேண்டும் என்று எல்லோரும் வழிவிட்டார்கள். அதுதான் தப்பாகப் போயிற்று. களத்தில் அவளைப் பார்க்க ஆளில்லை. இங்கே ஊரே பார்த்தது. உதைத்தாள், எஞ்சின் பிடித்துக்கொண்டது. கியரைப் போட்டாள், காலால் கிளட்சை விட்டாள், வண்டி நகர்ந்தது. நகர்ந்ததும் அவள் இடது கை நாற்பது வருஷமாகச் செய்ததைச் செய்தது. தீப்பொறியை முன்னால் கொண்டுவருவதாக நினைத்துப் பிடியை உள்பக்கம் முழுக்க முறுக்கிவிட்டது.

வேறு எந்த வண்டிக்காரனுக்கும் இந்தத் தப்பு வராது. பழைய ஹார்லி ஓட்டிய கைக்குத்தான் வரும். அந்தப் பிடியோ முறுக்கிய இடத்திலேயே நிற்கும் ரகம். கையை எடுத்தாலும் திரும்பாது. பச்சை வண்டி பாய்ந்தது. அவள் வேலிப்பக்கம் திருப்பி, குதிகாலால் கிளட்சை மிதித்து, பிரேக்கை அழுத்தினாள். நின்றது. நிற்பதற்கு முன் டெல்மரின் இந்தியனைப் பின்பக்கமாக இடித்துச் சாய்த்துவிட்டது.

மார்லிஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இந்தியனின் பின் மட்கார்டில், அவள் கால்வைக்கும் கம்பி உரசிய இடத்தில், சிவப்பு வண்ணம் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கிழிந்திருந்தது. உள்ளே வெறும் தகரம் பளபளத்தது. பாதிரியார் வாளியைக் கீழே வைத்தார்.

நாலு பேராக வண்டியைத் தூக்கி நிறுத்தினோம். டெல்மர் குனிந்து அந்தக் கீறலை விரலால் தடவினார்.

மார்லிஸ் வண்டியை விட்டு இறங்கினாள். "போதும்" என்றாள். "இந்தக் கை கேக்காது. வித்துடறேன். டெல்மர், நான் வேணும்னு பண்ணலடா."

"எனக்குத் தெரியும்."

"நீ திட்டிடு. திட்டேன்!"

டெல்மர் நிமிர்ந்தார். "நான் என்ன சொல்லியிருக்கேன்? வண்டி ஓடி வாங்கின கீறலைத் தொடக் கூடாது, அது அந்த வண்டியோட கதைன்னு சொல்லியிருக்கேனா இல்லையா?"

"சொல்லியிருக்க."

"அப்ப இதுக்கும் ஒரு கதை வேணும். என் தங்கச்சி வண்டி ஓட்டக் கிளம்பின அன்னிக்கு விழுந்ததுன்னா அது கதை. ஓட்டத் தெரியாம வித்த அன்னிக்கு விழுந்ததுன்னா அது வெறும் சேதாரம். இவ்ளோ பெரிய சேதாரத்த என்னால தாங்க முடியாது, மார்லிஸ். ஏறு."

அவள் அசையவில்லை. அவர் அவள் இடது கையைப் பிடித்து, பச்சை வண்டியின் பிடிமேல் வைத்தார்.

"இது என்ன?"

"பிடி."

"பிடியில என்ன?"

"பெட்ரோலு."

"கை மறக்கும். அதனால வாயால சொல்லு. ஒவ்வொரு தடவையும் கத்திச் சொல்லு."

அவள் ஏறினாள். உதைத்தாள். "பெட்ரோல்!" என்று கத்தினாள். வண்டி பூனைபோல நகர்ந்தது. வாசலைத் தாண்டும்போது "பெட்ரோல்!" வளைவில் திரும்பும்போது இன்னொரு "பெட்ரோல்!" தெருவில் நாய் குரைத்தது. பங்க்குக்கு வழி கேட்கிறாள் என்று நினைத்து யாரோ கை காட்டினார்கள். நாங்கள் அத்தனை பேரும் சிரித்துக்கொண்டே பின்னால் போனோம். நெடுஞ்சாலையைத் தொட்டதும் கத்தல் நின்றது. அப்புறம் அவள் போன வேகத்தை நான் சொன்னால் போலீஸ்காரர்கள் படிக்கக்கூடும். தன் வண்டியை மாட்டுவண்டி வேகத்துக்குமேல் விடாத டெல்மர் பல்லைக் கடித்துக்கொண்டு அவளைத் துரத்தினார்.

ஏரிக்கரை மதுக்கடையில் எல்லோரும் நிறுத்தினோம். என் வண்டியை நான் வழக்கம்போல ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனேன்; மார்லிஸ் அதைப் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை, சட்டம் சட்டம்தான். சிகாகோக்காரர் காரில் பின்தொடர்ந்து வந்திருந்தார். பச்சை வண்டியை ஒருமுறை சுற்றிவந்தார், அவள் முகத்தைப் பார்த்தார், வாக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மரியாதையான மனிதர் என்று சொன்னேனே. பிறகு இந்தியனிடம் போய்க் குனிந்தார்.

"அடப்பாவமே" என்றார். "எனக்கு ஒரு பெயிண்டர் தெரியும். இதே சிவப்பைக் கொண்டுவந்துடுவான். கீறல் இருந்த இடமே தெரியாது."

"அது என் தங்கச்சி போட்டது" என்றார் டெல்மர். பிள்ளை வாங்கிய பரிசுக் கோப்பையைக் காட்டுகிறவர் குரல். "பீச்சாங்கையால போட்டா. யாரும் அதைத் தொடக் கூடாது."

மார்லிஸ் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். எனக்கும் கண் கலங்கியது. சாலையில் தூசி என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரம் கழித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, பொரித்த பாலாடைக்கட்டித் துண்டுகளை ஒரு தட்டு நிறைய எடுத்து வந்தாள். அந்த இரண்டு விரல் கையால் அடியில் தாங்கி, சிந்தாமல் கொண்டுவந்து டெல்மர் முன்னால் வைத்தாள்.

"தின்னு, கிழவா. ஆறிடும்."