மேட்டில் நின்ற தேர்

தேர் ஓட்டுகிற மாப்பிள்ளை என்று சொல்லித்தான் எனக்குத் திருநாவுக்கரசைப் பேசி முடித்தார்கள். நான் லுக்குட் பட்டணத்தில் பிறந்து வளர்ந்தவள். பெடாஸ் பக்கத்து எட்டாங்கட்டைத் தோட்டத்தை அதற்கு முன் பார்த்ததே இல்லை. தேர் ஓட்டுகிறவர் என்றதும் என் மனதில் என்னென்னவோ ஓடியது. வந்து பார்த்தால் ஒரு சிவப்பு டிராக்டர். வருடத்தில் ஒரு நாள் அது மாரியம்மன் தேரை இழுக்கும். மிச்ச நாளெல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை இழுக்கும், புல் வெட்டும்.

அதற்காகப் பொய் சொல்லிக் கட்டி வைத்துவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. தோட்டத்தில் தேர் ஓட்டுகிறவருக்குத் தனி மதிப்பு உண்டு. தேர் புறப்படும் முன் பூசாரி அம்மன் கழுத்து மாலையை எடுத்து முதலில் அவருக்குத்தான் போடுவார். கங்காணி வீட்டுக்காரர்கள், கோவில் தலைவர் எல்லாரும் அதற்கு அப்புறம்தான். என் வீட்டுக்காரருக்கு அந்த மாலை என்றால் உயிர். வாயைத் திறந்து சொல்லமாட்டார். திருவிழாவுக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கும்போதே வெள்ளை வேட்டியை எடுத்து வெயிலில் காயப்போடுவார். அதைப் பார்த்து நானே தெரிந்துகொள்வேன்.

அந்த வேட்டியையாவது கட்டிக்கொண்டு தேர் ஓட்டுவாரா என்றால் அதுவும் இல்லை. மாலையை வாங்கும்வரை வேட்டி. வாங்கியதும் டிராக்டர் கொட்டகைக்குள் போய் வேலைக்குப் போடும் கால்சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிடுவார். மாலையைக் கழற்றி என் கையில் கொடுப்பார். இயந்திரம் சுழலும் இடத்தில் எதுவும் தொங்கக் கூடாதாம். அம்மன் தேருக்கு முன்னால் கிரீஸ் கறை படிந்த கால்சட்டை! கோவில் கமிட்டிக்காரர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்ப்பார்கள். நான் மாலையை வைத்துக்கொண்டு தேர் சுற்றி முடியும்வரை பின்னாலேயே நடப்பேன்.

கல்யாணமான புதிதில் நடந்த கூத்தைச் சொன்னால் இன்னும் சிரிப்பார்கள். வரிசை வீடுகளான எங்கள் லயத்துப் பெண்கள் எல்லாரும் பஸ் நிற்கும் முச்சந்திக்கு டிராக்டர் மட்கார்டில் உட்கார்ந்துதான் போவார்கள். புதுப்பெண்ணான எனக்கும் ஆசை. பூ வைத்து, நல்ல சேலை கட்டி, ஏறி உட்கார்ந்துவிட்டேன். அவர் எஞ்சினை அணைத்தார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கி நின்றார்.

"எறங்கு திலகா."

"ஏங்க? எல்லாரும்தானே ஒக்காருறாங்க?"

"என் வண்டியில ஒரு சீட்டு, ஒரு ஆளு. அவ்வளவுதான் லா."

"அப்ப நான் எப்படி வர்றதாம்?"

"நடந்து வா. நான் மெதுவா ஓட்டுறேன்."

சொன்னபடியே செய்தார். லயத்திலிருந்து முச்சந்திவரை நான் நடக்க, என் நடைக்கு ஏற்றபடி டிராக்டர் பக்கத்தில் ஊர்ந்து வந்தது. தோட்டமே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. அன்றைக்குக் குழம்பில் உப்பே போடாமல் வைத்தேன். ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார் மனிதர். அந்தக் கோபம் எனக்கு எத்தனை நாள் இருந்தது என்று கேட்காதீர்கள்.

காலையில் விடியும்போதே கொட்டகைக்குப் போய்விடுவார். டிராக்டரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து டயரை அழுத்திப் பார்ப்பார். எண்ணெய் பார்ப்பார், தண்ணீர் பார்ப்பார். டிரெய்லரை மாட்டினால், இரண்டையும் சேர்க்கும் இரும்பு முளையைக் கையால் அசைத்துப் பார்ப்பார். கொட்டகை வாசலிலேயே கொஞ்சம் நகர்த்தி, பிரேக் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வெளியே எடுப்பார். புல் வெட்டும்போது பிளேடில் கொடி சுற்றிக்கொண்டால் மற்றவர்கள் எஞ்சின் ஓட ஓடவே குனிந்து பிடுங்குவார்கள். இவர் அணைத்து, சாவியை எடுத்து, பிளேடு முழுக்க நிற்கும்வரை காத்திருந்து, அப்புறம்தான் கையை வைப்பார். வேலையைக் கண்காணிக்கும் மண்டோர் நேரம் போகிறதென்று தூரத்திலிருந்து கத்துவது லயம்வரை கேட்கும்.

"எதையாச்சும் பாத்துப் பயந்துட்டீங்களா? யாருக்காவது கை போச்சா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"பாத்தாத்தான் பயப்படணுமா? பாக்காம இருக்கத்தானே பயப்படுறேன்" என்றார்.

அப்போது எரிச்சலாக வந்தது. இப்போது சிரம்பான் பக்கம் ராசாவில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். அவர் ஒரு கான்ட்ராக்டரிடம் வீடமைப்புப் பகுதியில் புல் வெட்டுகிறார். நான் பாலர் பள்ளியில் சமைக்கிறேன். கீழே யாராவது பழைய டீசல் வண்டியைக் கிளப்பினால் போதும், அந்தக் காலை நேரம் அப்படியே வந்து நிற்கிறது. கொட்டகை வாசலில் அவர் பிரேக் போட்டுப் பார்க்கும் சத்தம் கேட்டதும் நான் வரக்காப்பியை ஆற்ற ஆரம்பிப்பேன். நாங்கள் இளமையாக இருந்தோம். எனக்கு அந்த நாள் மேல் இன்னமும் ஏக்கம்தான்.

தேர் விஷயத்துக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் நடந்தது. அப்போதே லயத்தில் பாதி வீடு காலி. ராசாவுக்கும் லுக்குட்டுக்கும் போனவர்கள் திருவிழாவுக்கு மட்டும் காரில் பிள்ளைகுட்டிகளோடு வந்து இறங்குவார்கள். கோவில் தலைவர் மகேந்திரனும் அதே லயத்தில் பிறந்தவர்தான். சிரம்பானில் இரும்புக் கடை வைத்து நன்றாக வந்துவிட்டார். கோவிலுக்கு என்றால் கை தாராளம். ஆனால் அவர் சொன்னால் சொன்னதுதான். அந்த வருடம் புதுத் தேர் செய்துகொண்டு வந்தார். இரும்புச் சட்டம், பழையதைப் போல் இரண்டு மடங்கு உயரம், உச்சிவரை விளக்கு, விளக்குக்காகப் பின்னால் ஒரு ஜெனரேட்டர். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். நானும்தான்.

என் வீட்டுக்காரர் மட்டும் உச்சியைப் பார்க்கவில்லை, குனிந்து அடியைப் பார்த்தார். பழைய தேர் மரம், லேசானது. இது ஏற்றி வைத்த டிரெய்லரையே அமுக்கிக்கொண்டு நின்றது. டிரெய்லருக்குச் சொந்தமாகப் பிரேக் கிடையாது. முன்னால் போகும் டிராக்டர்தான் இரண்டையும் பிடித்து நிறுத்த வேண்டும். கோவிலும் தோட்டத்து ஆபீசும் மேட்டின் மேல். லயம் கீழே. நடுவில் செம்மண் இறக்கம். திருவிழா அன்று காலையில் அம்மன் ஏறும் முன் ஒரு நடை இறக்கிப் பார்த்துவிட்டு வியர்த்துப்போய் வந்தார்.

"தலைவரே, காஞ்ச மண்ணுல எப்படியோ வருது. மழை பேஞ்சா டிரெய்லர் டிராக்டரத் தள்ளும். அப்ப பின்னால இன்னொரு டிராக்டரச் சங்கிலி போட்டுக் கட்டி, பிடிச்சுக்கிட்டேதான் எறக்கணும்."

"மழையெல்லாம் வராது லா அரசு. அம்மா பாத்துக்குவா" என்றார் மகேந்திரன்.

சாயங்காலம் பூசாரி மாலை போட்டார். இவர் அதை என் கையில் கொடுத்துவிட்டு ஏறினார். தேர் கிளம்பி ஆபீஸ் வாசலைத் தாண்டியதும் மழை ஒரு பாட்டம் கொட்டி ஓய்ந்தது. செம்மண் குழைந்து போயிற்று. தேர் இறக்கத்தின் உச்சிக்கு வந்ததும் எஞ்சின் சத்தம் நின்றது. வண்டி பழுது போலிருக்கிறது என்று நினைத்தேன். அவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

"சங்கிலி கட்டாம எறக்க மாட்டேன்."

மேளம் நின்றுவிட்டது. மகேந்திரன் ஓடி வந்தார்.

"அம்மனப் பின்னால இருந்து பிடிச்சு இழுக்கிறதா? சனங்களப் பாக்க வர்ற சாமிய எவனாச்சும் பின்னால இழுப்பானா? ஊருக்கே ஆகாது அரசு!"

கூட்டத்தில் எல்லாருக்கும் அதே எண்ணம்தான். எனக்கும் அதே எண்ணம்தான். புறப்பட்ட அம்மனைச் சங்கிலி போட்டு இழுப்பதா?

லுக்குட்டில் லாரி ஓட்டும் சுகுமாறன் முன்னால் வந்தான். நல்ல பையன். "சாவியக் குடுங்கண்ணே, நான் எறக்குறேன்" என்றான்.

"எறக்கிருவ தம்பி. நிறுத்துவியா?" என்றார் இவர்.

அவன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல், "தண்ணி போட்டுட்டு வந்திருக்கான் போல" என்றது. குடிப்பழக்கமே இல்லாத மனிதரைப் பார்த்து! எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனால் அந்தக் கோபத்தை இவரிடம்தான் காட்டினேன்.

"ஓட்டித் தொலைங்களேன். இத்தனை வருசம் சேத்த பேரு போகுதுங்க. இனிமே ஒங்கள வண்டியில ஏத்துவாங்களா?"

"ஏத்த மாட்டாங்க. தெரியும்" என்றார். "கீழ பாரு திலகா."

பார்த்தேன். இறக்கத்தின் இரண்டு ஓரத்திலும் தாம்பாளத்தோடு பெண்கள். புதுச் சட்டை போட்ட பிள்ளைகள் பாதையில் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். மங்கம்மா கிழவியை பிளாஸ்டிக் நாற்காலியில் பாதையை ஒட்டி உட்கார வைத்திருந்தார்கள். எல்லாருக்கும் முதுகுப் பக்கம் பெரிய சாக்கடை. மேலிருந்து ஏதாவது சறுக்கி வந்தால் ஒதுங்க இடமே கிடையாது.

என் கோபம் அந்த இடத்திலேயே திசை மாறிவிட்டது. பூசாரியிடம் போய்க் கத்தினேன்.

"அம்மன் தேர்ல இருந்தாத்தானே பின்னால இழுக்கிறது குத்தம்? எறக்கித் தோள்ல தூக்கிட்டு வாங்க. தேர் வெறுந்தேரா வரட்டும். கட்டுன பொண்டாட்டியவே டிராக்டர் பக்கத்துல நடக்க வச்ச மனுசன் இவரு. அம்மன் மட்டும் நடந்தா என்ன?"

அவ்வளவு சண்டையிலும் கூட்டம் சிரித்துவிட்டது. பூசாரி, "தோள்ல வர்றதுல குத்தம் ஒண்ணும் இல்ல" என்றார்.

"அப்ப புதுத் தேரு? ஊர் கூடி வெறுந்தேரையா பாக்கணும்?" என்று மகேந்திரன் கேட்டார். அதற்குள் இளவட்டங்கள் அம்மனை இறக்கித் தோளில் ஏற்றிவிட்டார்கள்.

அம்மன் முதலில் இறங்கினாள். ஜனங்களும் அவள் பின்னாலேயே லயத்துக்குப் போய்விட்டதால் பாதை காலியாயிற்று. அதன் பிறகு தேரை இறக்கினார்கள். முன்னால் இவர். பின்னால் சங்கிலி கட்டிய இன்னொரு டிராக்டரில் சுகுமாறன். பாதி இறக்கத்தில் சங்கிலி விறைத்து ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான். தேர் கீழே வந்து நின்றது. சுகுமாறன் இறங்கி வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். சங்கிலியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மேட்டைத் திரும்பிப் பார்த்தான். ஆனால் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் வினையாகப் போயிற்று. தேர் சாய்ந்திருந்தால் அரசு அப்பவே சொன்னான் என்று ஊரே பேசியிருக்கும். பத்திரமாக வந்து நின்றதால், இதற்குத்தானா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்றார்கள். அம்மனை நடுவழியில் நிறுத்தியவன் என்றார்கள். அடுத்த வருடம் தேரை லாரியில் வைப்பது, சுகுமாறன் ஓட்டுவது என்று கமிட்டியில் முடிவானது. மகேந்திரன் போனில்தான் சொன்னார்.

"லாரிக்கு பிரேக் நல்லா இருக்கும் தலைவரே. நல்லதுதான்" என்றார் இவர். போனை வைத்துவிட்டு வேட்டியை மடித்து அலமாரியின் அடியில் வைத்தார். அன்று சாப்பிடவில்லை. இத்தனை காலத்தில் இவர் ஓட்டிய வண்டியால் ஒருவருக்கும் ஒரு நகம் பெயர்ந்ததில்லை. ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொண்டவனுக்கு எந்த ஊரில் மாலை போடுகிறார்கள்?

அடுத்த திருவிழாவுக்கு நான் வரமாட்டேன் என்று சண்டை போட்டேன். "நமக்கு அங்க என்ன மரியாதை இருக்கு?" என்றேன்.

"சாமி கும்பிட மரியாதை எதுக்கு? கெளம்பு" என்றார்.

போனோம். மேளச் சத்தம் மேலே கோவிலில் கேட்டது. மாலை போடும் நேரம். அவர் அந்தப் பக்கமே போகவில்லை. நேராக இறக்கத்துக்குக் கீழே போனார். பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கைப்பிடித்துச் சாக்கடைக்கு அந்தப் பக்கம் திடலில் விட்டார். மங்கம்மாவை நாற்காலியோடு தூக்கி அங்கேயே வைத்தார். "தள்ளி நில்லுங்க, தள்ளி நில்லுங்க" என்று பெரியவர்களையும் விரட்டினார். "இவர யாரு கூப்பிட்டா?" என்று பெண்கள் என் காதுபடவே முணுமுணுத்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. கொஞ்ச நேரம் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றேன். பிறகு அதை மங்கம்மா மடியில் வைத்துவிட்டு, பாதைக்கு எதிர்ப்பக்கம் போய் நானும் விரட்ட ஆரம்பித்தேன்.

லாரி மேட்டின் உச்சிக்கு வந்தது. வந்து நின்றுவிட்டது.

மேளம் அடித்துக்கொண்டே இருந்தது. மகேந்திரன் லாரிக் கதவைத் தட்டி, போ போ என்று கையைக் காட்டினார். சுகுமாறன் அசையவில்லை. கழுத்தை நீட்டிக் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தான், இவர் நின்ற இடத்தை. அன்று அந்தச் சங்கிலி எப்படி இழுத்தது என்று அந்த ஊரில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

இவர் தன் பக்கத்தை ஒரு முறை பார்த்தார். எதிர்ப்பக்கம் நின்ற என்னைப் பார்த்தார். நான் என் பக்கம் முழுக்கப் பார்த்துவிட்டுத் தலையாட்டினேன்.

அப்புறம்தான் அவர் கையைத் தூக்கினார். அம்மன் இறங்கி வந்தாள்.