நிலவில் நட்ட கொடி

நிலவுக்கு மனிதன் போனதே பொய் என்று மாமா சொன்னபோது நான் ஏழாம் வகுப்பு முடித்திருந்தேன். அதனால் நிலவுக்கு என்ன நஷ்டமோ, எனக்குப் படிப்பே போய்விடும் போலிருந்தது.

தேவிகுளத்துக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் எங்கள் லயம் இருந்தது. ஒரே கூரையின் கீழ் வரிசையாகத் தொழிலாளர் வீடுகள். ஒன்றில் நாங்கள், அடுத்ததில் மாமாவும் அத்தையும். அப்பா இறந்த பிறகு, எதுவானாலும் அம்மா தன் அண்ணனைக் கேட்டுத்தான் முடிவு செய்வாள். எஸ்டேட் பள்ளி ஏழாம் வகுப்போடு சரி. மேலே படிக்க மலையிறங்கி விடுதியில் தங்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். அந்தப் பெருமையை நான் மறைத்துவைத்ததே இல்லை. டீச்சர் காலையில் சொன்னதை மாலையில் லயத்து வாசலில் நின்று எல்லோருக்கும் சொல்லிவிடுவேன். நிலவில் மனிதன் நடந்ததையும், அங்கே எல்லாமே எடை குறைந்துவிடும் என்பதையும் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

"அப்ப அங்க கொழுந்து பறிச்சா நமக்குக் கட்டாதுட்டி" என்றாள் அத்தை. பறித்த கொழுந்தின் எடைக்குத்தான் கூலி என்பதால் லயமே சிரித்தது.

அந்த ஏப்ரலில் மாமா புதுப் போன் வாங்கினார். மருந்தடிக்கும் வேலை முடிந்து வந்ததும் முன்னறைச் சுவரில் சாய்ந்து வீடியோ பார்ப்பார். தலைக்கு மேலே, ஒரு புது வீட்டின் முன் ஆபீசர் கையிலிருந்து அவர் சாவி வாங்கும் படம் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும். அங்கே உட்கார்ந்துதான் நிலா வீடியோவை அக்கம்பக்கத்தாருக்கெல்லாம் காட்டினார். காற்றே இல்லாத இடத்தில் கொடி எப்படி விரிந்து நிற்கும்? வானத்தில் ஏன் ஒரு நட்சத்திரம்கூட இல்லை? எல்லாம் ஏதோ கொட்டகைக்குள் எடுத்த படம் என்றது அந்தக் குரல்.

"பள்ளிக்கூடத்துல பொய்யத்தான் சொல்லிக் குடுக்காங்கன்னா, அதுக்கு எதுக்குப் புள்ளைய அம்புட்டுத் தூரம் அனுப்பணும்?" என்று மாமா அம்மாவிடம் கேட்டார்.

மறுநாள் அம்மா, விடுதிக்காகத் துடைத்து வைத்திருந்த தகரப்பெட்டியை மறுபடியும் பரணில் ஏற்றினாள்.

அதன் பிறகு மாமாவிடம் போனை வாங்கி அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஓட்டை எதையாவது கண்டுபிடிக்கத்தான் பார்த்தேன். பார்க்கப் பார்க்க அது என்னையே நம்ப வைத்துவிடும் போலிருந்தது. டீச்சர் மட்டும் நேரில் போய்ப் பார்த்தாரா என்ன? லீவுக்கு ஊருக்குப் போய்விட்ட அவரைக் கேட்கவும் வழியில்லை. ஒரு நாள் பொழுது சாய்ந்ததும் மாரியம்மன் கோயிலில் டியூப்லைட் போட்டார்கள். கூரைக்கு மேலே நட்சத்திரங்கள் தெரிந்தன. போனில் படம் எடுத்தேன். கோயில் பளிச்சென்று விழுந்திருந்தது. வானத்தில் ஒன்றுமில்லை, வெறும் கறுப்பு. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் கொடிக்கு என்ன பதில் சொல்வது?

மே தினம் வந்தது. எங்கள் எஸ்டேட்டில் சங்கக் கொடிகளுக்கு மாமாதான் பொறுப்பு. கோடை மழையில் நனைந்த கொடி கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு தொங்கும். கூட்டம் நடக்கும்போது கொடி அப்படித் தொங்கினால் அவருக்குப் பொறுக்காது. அதனால் மேல் விளிம்பை மடித்துத் தைத்து, உள்ளே ஒரு மூங்கில் சிம்பைச் செருகுவார். அது மழையானாலும் மூடுபனியானாலும் விரிந்தே நிற்கும். செருகுவது வருடாவருடம் என் வேலை. அந்த வருடம் பாதி சிம்பு உள்ளே போனபோது என் கை நின்றுவிட்டது. வீடியோவில் வந்த கொடியின் கீழ்ப்பக்கம்தான் கசங்கியிருந்தது. மேல் விளிம்பு கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது.

சங்கத்து ஆட்கள் சுற்றி இருந்தார்கள். அவர்கள் முன்னால் சொன்னால் மாமாவுக்கு அவமானம். அப்புறம் பெட்டி பரணிலேயேதான் கிடக்கும். அவர்கள் டீ குடிக்கப் போகும்வரை காத்திருந்தேன்.

"மாமா, அவங்களும் மேல ஒரு கம்பி வச்சிருப்பாங்களோ?"

மாமா என்னைப் பார்த்தார், கையிலிருந்த சிம்பைப் பார்த்தார். போனை எடுத்து அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ, நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டார்.

"போட்டோ புடிச்சு முடிச்சப்புறம் அந்தக் கொடிய என்ன செஞ்சாங்க? திருப்பி எடுத்துட்டுப் போயிட்டாங்களா?"

"இல்ல மாமா. அங்கயே விட்டுட்டுத்தான் வந்தாங்கன்னு டீச்சர் சொன்னாங்க."

"நெசமா?"

"ஆமா மாமா."

"அப்ப சரி" என்றார். அன்று மாலை அவரே பரணில் ஏறிப் பெட்டியை இறக்கினார்.

மூங்கில் சிம்பால் மாமாவை ஜெயித்துவிட்டேன் என்று விடுதியில் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். கொடி எங்கே போனது என்று அவர் ஏன் கேட்டார் என நான் யோசித்ததே இல்லை. சுவரில் இருந்த அந்தச் சாவிப் படத்தைப் பிடித்து முடித்த கையோடு, பிறகு தருகிறோம் என்று சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள் என்பதை அம்மா எனக்குச் சொன்னது பல வருடம் கழித்துத்தான். புது வீட்டுச் சாவி வாங்கிய மாமா லயத்தில் எங்களுக்கு அடுத்த வீட்டிலேயே குடியிருந்தது, அந்த வயதில் எனக்கு விசித்திரமாகவே படவில்லை.