எர்மெஸ் வீட்டுக் கணப்பு

இத்தாலியின் வடகோடியில், கார்னியா மலைப்பக்கத்தில் மே மாதம் பிறந்துவிட்டால் நீவெஸுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட் துண்டுகளைத் தின்று குளிர்காலம் முழுக்க எரிந்த கணப்புகளைத் துடைத்து, அக்டோபர்வரை மூடிவைக்கும் வேலை. நாற்காலித் தொழிற்சாலையை இழுத்து மூடியபோது அவளுக்கு முப்பத்தொன்பது வயது. கூட வேலை பார்த்தவர்கள் கீழே நகரத்துக் கடைகளுக்குப் போனார்கள். அவள் பயிற்சி முடித்து, பழைய வேன் ஒன்றும் சாம்பல் உறிஞ்சும் இயந்திரம் ஒன்றும் வாங்கிக்கொண்டு மலைக்கே திரும்பினாள். முதல் வருடம் "கூரைமேல பொம்பளையா?" என்று சிரித்தவர்கள், மூன்றாம் வருடம் அவள் தேதி கொடுக்கட்டும் என்று காத்திருந்தார்கள். பன்னிரண்டு வருடங்களில் அவள் கைபட்ட எந்தக் கணப்பும் யாருக்கும் கெடுதல் செய்ததில்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அன்று காலை முதல் வீடு எர்மெஸுடையது. மலையின் மேல்கோடியில் மொத்தமே மூன்று வீடுகள். மற்ற இரண்டும் ஆகஸ்டில்தான் திறக்கும். எர்மெஸ் காட்டில் மரம் வெட்டி ஓய்வு பெற்றவர். நாற்பது வருடம் மரத்தடியில் நின்று ஒரு கீறல் படாதவர், மார்ச்சில் சொந்த வாசற்படியில் பனிக்கட்டி வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டுக் காலை ஸ்டூல்மேல் நீட்டிக்கொண்டு அவள் வேலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பவே மூடுறியே, இந்த மலைக்கு காலண்டர் படிக்கத் தெரியும்னு நெனச்சியா?"

"நீங்கதானே கூப்பிட்டீங்க, எர்மெஸ்."

"கூப்பிட்டது என் தங்கச்சி இல்தே. அவ சொன்னா கேட்டுத்தான் ஆகணும். ஓடுறதுக்கு எனக்கு ரெண்டு காலா இருக்கு?"

நீவெஸ் சிரித்தபடியே தொட்டியில் மிச்சமிருந்த பெல்லட்டை அள்ளி வாளியில் கொட்டினாள். உள்ளேயே விட்டால் ஈரம் இழுத்து ஊதிப்போய், தள்ளும் திருகு இறுகிவிடும். எரிகிண்ணத்தின் துளைகளைக் குத்தி எடுத்தாள். தடுப்புத் தகடுகளைக் கழற்றிப் புகைக்கரியைச் சுரண்டினாள். புகை கசியாமல் கதவோரம் பதித்த கயிறு இற்றுப்போயிருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்தாள். கடைசியாகப் பின்மூடியைத் திறந்தாள். புகை வெளியேறாவிட்டால் கணப்பைத் தானாக அணைக்கும் உணரி ஒன்று அங்கே உண்டு. ஏப்ரலில் அது கெட்டுப்போய் காரணமில்லாமல் அணைத்துக்கொண்டே இருந்ததால், புதியது வரும்வரை என்று அது இல்லாமலேயே கணப்பு எரியும்படி அவளே அதன் இரண்டு கம்பிகளையும் முறுக்கி இணைத்திருந்தாள். இப்படிச் செய்யக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். இனி அக்டோபரில்தானே எரியப் போகிறது, அதற்குள் உணரி வந்துவிடும் என்று மூடியைத் திருகிவிட்டாள். மின்செருகியைப் பிடுங்கிச் சுருட்டி வைத்தாள்.

வெளியே போய், சுவரைத் தாண்டி நீளும் புகைக்குழாயின் வாயில், பறவை கூடு கட்டாமலிருக்கப் பழந்துணியைத் திணித்தாள். இப்படி அடைத்தால், "குழாய் அடைத்திருக்கிறது, கொளுத்தக் கூடாது" என்ற சிவப்பு அட்டையைக் கணப்பின் கதவில் கட்டியாக வேண்டும். பெயரும் தேதியும் எழுதி அட்டையைக் கையில் எடுத்த நேரத்தில் தொலைபேசி அடித்தது. அடுத்த ஊர்க்காரி. "எப்பம்மா வருவ? நான் வேலைக்குப் போக வேணாமா?" என்று கத்தினாள். "இதோ கெளம்பிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே ஏணியை வேனில் ஏற்றினாள் நீவெஸ்.

நண்பகலுக்கு முன்பே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பதினோரு கிலோமீட்டர் கீழே, இரண்டாவது வீட்டில் வேலை முடித்துப் பேனா எடுக்கச் சட்டைப்பைக்குள் கையை விட்டாள். அட்டை ஒன்று விரலில் தட்டியது. எடுத்துப் பார்த்தாள். எர்மெஸ் என்று எழுதியிருந்தது.

சன்னலுக்கு வெளியே மழையோடு பனியும் விழ ஆரம்பித்திருந்தது.

எர்மெஸை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அழைத்தாள். எடுக்கவில்லை. அவர் சமையலறையில் இன்னும் ஒரு மூட்டை பெல்லட் நிற்பதும், செருகி கையெட்டும் தூரத்தில் இருப்பதும் அவள் கண்முன் வந்து நின்றன. அவசர எண்ணுக்குப் பேசினாள். தீயணைப்பு வண்டி வந்துசேர நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள்.

"நான் கிட்டத்துல இருக்கேன், போறேன். ஆம்புலன்ஸும் அனுப்புங்க."

"என்ன ஆச்சுன்னு உறுதியாத் தெரியுமா?"

"தெரியாது. ஆனா தப்பு என்னுது. அனுப்புங்க."

பாதி வழியில் ஆட்டு மந்தை. கோடைக்கு மேய்ச்சல் நிலம் ஏறிக்கொண்டிருந்த நானூறு ஆடுகள் சாலை முழுக்க அடைத்து நின்றன. நீவெஸ் ஒலிப்பானை அழுத்திக்கொண்டே தலையை வெளியே நீட்டினாள்.

"ஓரங்கட்டுய்யா! ஒரு உயிர் போயிட்டிருக்கு!"

"ஆட்டுக்கு அது புரியுமா? பொறு!" என்று கத்திய இடையன் அவள் முகத்தைப் பார்த்ததும் நாய்களை விசிலடித்து ஏவினான். ஆடுகள் சரிவில் இறங்கும்வரை அவள் வேனை அங்குலம் அங்குலமாக நகர்த்தினாள். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அதற்குள் எர்மெஸ் செத்துவிட்டார் என்றே அவளுக்குத் தோன்றிவிட்டது.

வீட்டின் முன் இறங்கியபோது குழாயில் புகை இல்லை. அவர் கொளுத்தவே இல்லையோ என்று ஒரு கணம் ஆசைப்பட்டாள். அப்புறம்தான், அடைத்த குழாயில் புகை எப்படி வரும் என்று உறைத்தது. கதவு பூட்டியிருந்தது. சன்னல் கண்ணாடியின் உட்புறம் மங்கலாக, பழுப்பாக இருந்தது.

ஏணியின் முனையால் சன்னலை உடைத்தாள். கரிந்த மரவாடை முகத்தில் அறைந்தது. மூச்சை இழுத்துப் பிடித்து உள்ளே குதித்தாள். எர்மெஸ் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் கிடந்தார். வாசல் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டு வெளியே ஓடி ஒரு மூச்சு வாங்கினாள். திரும்ப ஓடி, அவர் அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். மாவுக்கட்டுக் கால் நிலைப்படியில் மாட்டிக்கொண்டது. அவள் அழுதுகொண்டே அதை உதைத்துத் தள்ளினாள். ஈரப் பனியில் அவரைக் கிடத்தியபோது கன்னங்கள் சிவந்திருந்தன, கண் திறக்கவில்லை. மூக்கருகே காதை வைத்தாள். மூச்சு இருந்தது, மெலிசாக.

"எர்மெஸ்! திட்டுங்க என்னை! எதாவது சொல்லுங்க!"

வண்டிகள் வரும்வரை பதினேழு நிமிடம் அந்த மூச்சை அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கால்வலிக்கு மாத்திரை போட்டுவிட்டு, குளிருக்குக் கணப்பை மூட்டி அவர் தூங்கிப்போயிருக்கிறார். பிராணவாயு கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். விசாரிக்க வந்த காவலரிடம் நீவெஸ் அட்டையை மறந்ததைச் சொன்னாள். அவர் கேட்காமலேயே கம்பிகளை இணைத்ததையும் சொன்னாள். இரண்டாவது செய்திதான் அவளுக்குப் பாதகமாகும் என்று வக்கீல் பிறகு கடிந்துகொண்டார்.

மருத்துவமனை வராந்தாவில் இல்தே அவளைத் தடுத்து நிறுத்தினாள். "உள்ள போகாதே. உன்னை நம்பி நான்தான் கூப்பிட்டேன்."

"ஒரு வார்த்தை மட்டும் சொல்லிட்டுப் போயிடறேன்."

"என்ன சொல்லப் போற? மறந்துட்டேன்னா?"

உள்ளேயிருந்து கரகரத்த குரல் வந்தது. "விடு இல்தே. நாப்பது வருஷத்துல நானும் கவனமில்லாம ஒருத்தன்மேல மரத்தைச் சாய்க்கப் போனவன்தான். அவன் நகந்துக்கிட்டான், அவ்வளவுதான் வித்தியாசம்." பிறகு திறந்திருந்த கதவு வழியாக நீவெஸைப் பார்த்தார். "ஆனா உன்னை மன்னிச்சிட்டேன்னு நெனைக்காதே. இன்னும் யோசிக்கிறேன்."

அந்தக் கோடையில் பாதி வீடுகள் அவளைக் கூப்பிடவில்லை. ஒரு வருடத்துக்குச் சான்றிதழை நிறுத்திவைத்தார்கள். கீழே நகரத்தில் இரும்புக்கடைக் கிடங்கில் வேலை பார்த்தாள். சான்றிதழ் திரும்பக் கிடைத்ததும், கூப்பிட்ட வீடுகளில் துணி திணிப்பதை விட்டுவிட்டு, பறவை நுழையாத, புகை தடைபடாத கம்பிவலை மூடிகளைப் பொருத்தினாள்.

எர்மெஸிடமிருந்து இரண்டு வருடம் கழித்து ஜூன் மாதம் அழைப்பு வந்தது. போனாள். அவர் கால் ஊன்றி நடந்தார். அவள் ஒவ்வொரு திருகைக் கழற்றும்போதும் பக்கத்தில் நின்று பார்த்தார். புதிய உணரியைத் தொட்டுக் காட்டச் சொன்னார். எல்லாம் முடிந்து அவள் செருகியைப் பிடுங்கப் போனபோது தடுத்தார்.

"கொளுத்து."

"ஜூன்லயா? இப்பத்தானே துடைச்சேன்."

"மறுபடி துடைக்கலாம். கொளுத்து." அவரே போய் சன்னல்களையும் கதவையும் சாத்தினார். "ஒரு மணி நேரம். நீயும் இங்கயே இருக்கணும்."

நீவெஸ் அரை வாளி பெல்லட்டைத் தொட்டியில் போட்டுப் பொத்தானை அழுத்தினாள். கிண்ணத்தில் தீ பிடித்தது. இருவரும் அதன் முன் உட்கார்ந்தார்கள். அறை கொதித்தது. இருவருக்கும் நெற்றியில் வேர்வை வழிந்தது. சுவர்க்கடிகாரத்தில் நாற்பது நிமிடம் தாண்டியபோது எர்மெஸ் சட்டைப் பொத்தான்களை அவிழ்த்துவிட்டு, "பசிக்குது. பொலெந்தாக் களி இருக்கு, சீஸும் இருக்கு. சாப்பிடுறியா?" என்றார்.

"சாப்பிடுறேன்" என்றாள் அவள். ஆனால் ஒரு மணி நேரம் முடியும்வரை எழுந்திருக்கவில்லை.