நீல வரிசையை மூடிய டேப்

எனக்கு வயது எழுபத்து நாலு. வளர்த்தது ஏழு பேரை. ஐந்து நான் பெற்றது, இரண்டு என் நாத்தனார் விட்டுப்போனது. ஏழு பேரும் சோறு தின்று வளர்ந்தது மைக் செட்டை நம்பித்தான். என் வீட்டுக்காரர் கேரள எல்லையில் அமரவிளை, செங்கல் என்ற இரண்டு ஊர்களுக்கும் இடையில் மைக் செட்டு கடை வைத்திருந்தார். அவர் போன பிறகு கடையை மூடச் சொன்னவர்கள் நிறைய. நான் மூடவில்லை. இரண்டாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. ஆனால் எந்த வயர் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு எழுத்து வேண்டியிருக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இனி சொல்லப்போவது என் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றி அல்ல.

நடந்தது போன வருடம், மழை விட்ட ஒரு வியாழக்கிழமை, எங்கள் சபையில் உள்ள ஒரு வீட்டின் அடக்க ஆராதனையில்.

அதற்கு முன் மிக்சரைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் பழைய ஆம்ப்ளிபயரில் மைக் குத்த மூன்று ஓட்டைதான் உண்டு. இப்போது பாட்டுக்காரர்களுக்கே நாலு மைக் வேண்டும். அதனால் என் மூன்றாவது மகள் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு சின்ன மிக்சர் வாங்கி வந்தாள். எட்டு மைக் குத்தலாம். ஒவ்வொரு ஓட்டைக்கும் கீழே திருகுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். மேலே உள்ளது, மைக்கில் வரும் சத்தத்தை எவ்வளவு உள்ளே எடுக்கவேண்டும் என்பதற்கு. அதன் கீழே சத்தத்தைத் தடிப்பாக்கவும் மெலிவாக்கவும் மூன்று. அதற்கும் கீழே நீலத்தில் ஒன்று. கடைசியில் வெள்ளை. வெள்ளையைத் திறந்தால் ஸ்பீக்கரில் கேட்கும்.

மகள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்லித்தந்தாள். நீலத்துக்கு வந்தபோது, "அம்மா, இது ஸ்பீக்கருக்குப் போறதில்ல. பின்னால வேற ஒரு ஓட்டை உண்டு. அது வழியா வேற எங்கயாவது சத்தம் அனுப்பணும்னா இந்த நீலத்தத் திறக்கணும். போகுதா இல்லியான்னு ஹெட்போன் வச்சாத்தான் தெரியும், கேட்டியா?" என்றாள்.

நான் தலையாட்டினேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் மைக் செட்டு வைத்து நான் வளர்த்த பிள்ளையிடம், இரண்டாவது தடவை சொல்லு என்று எப்படிக் கேட்பது?

அவள் போன பிறகு என் ஏற்பாட்டைச் செய்துகொண்டேன். பழைய சேலையிலிருந்து துண்டு வெட்டி ஒட்டினேன். போதகர் மைக்குக்குச் சிவப்பு, பாட்டுக்காரர்களுக்குப் பச்சை, அறிவிப்புக்கு மஞ்சள். விசேஷ வீடுகளில் போகிற வருகிற கைகளெல்லாம் திருகைத் தொடும். அதனால் எனக்கு வேண்டாத வரிசைகளை முழுக்க மூடி வைத்து, அதன்மேல் தவிட்டு நிற டேப்பை நீளமாக ஒட்டிவிட்டேன். நீல வரிசையும் அதற்குள் போயிற்று. ஹெட்போன் வந்த கவரிலேயே அலமாரிக்குள் இருந்தது. தலைக்குமேல் அதை மாட்டிக்கொண்டு உட்கார எனக்கு வெட்கம். இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை. கள்ளிக்காட்டிலிருந்து கூட என்னைத் தேடி வந்தார்கள். அம்மச்சியின் செட்டு மணிபோல் கேட்கும் என்று சொன்னார்கள். நானும் அதை நாலு பேரிடம் சொன்னேன்.

இனி அந்த வியாழக்கிழமை. இறந்துபோனது எனக்கு ஒன்றிரண்டு வயது இளையவள். ஒரே மகன், கல்ஃபில் வேலை. பாஸ்போர்ட்டெல்லாம் கம்பெனி கையில் இருந்ததால் உடனே கிளம்ப முடியவில்லை. பகல் மூன்று மணிக்கு அடக்கம். அந்த நேரத்தில் போன் பார்க்க அவனுக்கு இரண்டு மணி நேரம் விட்டிருந்தார்கள். பெட்டி மூடுவதற்குமுன் அவனும் அம்மாவிடம் நாலு வார்த்தை பேசவேண்டும். அவனுக்கு இருந்தது அது மட்டும்தான்.

காலையில் என் இரண்டாவது மகன் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு வேலைக்குப் போனான். நான் முற்றத்துப் பந்தலின் ஓரத்தில் மேசை போட்டு எல்லாம் கட்டினேன். இறந்தவளின் மருமகள் வந்தாள். தன் போனை என் மேசையில் வைத்தாள்.

"அம்மச்சி, அவரு போன்ல பாத்தா மட்டும் போராது. பாட்டும் ஜெபமும் தெளிவா கேக்கணும். சும்மா போன வச்சா காத்துதான் கேக்கும். ஒங்க செட்டுல இருந்து நேரா போனுக்கு விட வழி உண்டா?"

"உண்டு மக்கா. அது நான் பாத்துக்கிடுலாம். நீ போய் இரி."

மிக்சரோடு வந்த ஒரு வயர் பெட்டியில் கிடந்தது. ஒரு முனை போனுக்கு. மற்ற முனை இரண்டாகப் பிரியும். ஒன்று அவன் பேச்சை நம் ஸ்பீக்கருக்குக் கொண்டுவரும், ஒன்று நம் சத்தத்தை அவனுக்குக் கொண்டுபோகும். முதலாவதை ஒரு மைக் ஓட்டையில் குத்தி, அவன் முறை வரும்வரை அதன் வெள்ளையை மூடி வைத்தேன். இரண்டாவதைப் பின்பக்க ஓட்டையில் குத்தினேன். டக்கென்று உள்ளே போயிற்று. போயிற்றென்றால் வேலை முடிந்தது என்பது என் எண்ணம்.

அப்போது பக்கத்தில் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். பொழியூர்ப் பக்கம் கடற்கரைக்காரி. நாற்பத்தைந்து வயது இருக்கும். எங்கள் பக்கத்தில் வீடு வீடாக மீன் கொண்டுவருகிறவள். அன்றைக்குச் சட்டி இல்லாமல், வெளுத்த சேலை உடுத்து, செத்த வீடு பார்க்க வந்திருந்தாள். என் மேசையை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"அம்மச்சி, வயர் குத்தினா மட்டும் போராது. அதுல சத்தம் போகுதான்னு ஹெட்போன் வச்சு ஒருக்க கேட்டு நோக்கணும்."

எனக்குச் சுருக்கென்றது. "நீ மீனுக்க காரியம் பாரு மக்கா. மைக்குக்க காரியம் பாக்க நான் உண்டு" என்றேன்.

பக்கத்தில் நாற்காலி விரித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். அதில் ஒருத்தி, "அவளுக்கு மத்தி கூவி விக்க ஒரு மைக் வேணும் போல இருக்கு, அதுக்காக்கும் நோட்டம்" என்றாள். மீன்காரியும் கூடச் சிரித்துவிட்டு, சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள்.

இரண்டரைக்கு ஆராதனை தொடங்கிற்று. பெட்டிக்கு எதிரே ஒரு ஸ்டாண்டில் போன் நின்றது. எல்லோரும் பெட்டியைப் பார்த்தார்கள், போதகரைப் பார்த்தார்கள். போனில் தெரிந்த முகத்தை யாரும் பார்க்கவில்லை. மருமகள் பெட்டியின்மேல் தலை வைத்து அழுதுகொண்டிருந்தாள். ஒரு பாட்டு முடிந்தது. ஜெபம் முடிந்தது. வேதம் வாசித்தார்கள். என் ஸ்பீக்கரில் எல்லாம் கண்ணாடிபோல் கேட்டது. நான் கை கட்டி உட்கார்ந்திருந்தேன்.

யாரோ என் தோளைத் தொட்டார்கள். மீன்காரி.

"அம்மச்சி, கோவப்படாண்டாம். அவனுக்கு ஒண்ணும் கேக்கேல. காதக் காதத் தொட்டுக் காட்டுகான்."

"ஸ்பீக்கர்ல இவ்வளவு சத்தம் கேக்கு, அவனுக்கு எப்பிடிக் கேக்காம இருக்கும்?" என்றேன்.

"நீங்களே அவன்கிட்ட கேளுங்கோ."

நான் அவனுடைய வெள்ளைத் திருகைத் திறந்தேன். திறந்த வேகத்தில் அவன் குரல் பந்தல் முழுக்க வந்து விழுந்தது.

"…ஆருக்கும் கேக்கேலியா? எனக்கு ஒண்ணுமே கேக்கேல. என்ன பாடுதாவ? அம்மைக்கு என்ன பாடுதாவன்னு ஆராவது சொல்லுங்களேன்…"

போதகர் நிறுத்திவிட்டார். கூட்டம் முழுவதும் போனைத் திரும்பிப் பார்த்தது. அவ்வளவு நேரமும் அவன் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். அவன் குரலையும் நான்தானே மூடி வைத்திருந்தேன்.

சத்தம் போதாமல்தான் அவனுக்குக் கேட்கவில்லை என்று நினைத்து எல்லா வெள்ளையையும் மேலே திருப்பினேன். ஸ்பீக்கர் இரண்டும் ஊளையிட்டன. செத்த வீட்டில், திறந்த பெட்டிக்குப் பக்கத்தில் அப்படி ஒரு ஊளை. சில பேர் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு பெரியவர், "ஆராக்கும் அங்க? நிறுத்துங்க அத" என்று சத்தம் போட்டார். எனக்கு அப்படி ஒரு பேச்சு கேட்டுப் பழக்கமில்லை.

மீன்காரி குனிந்து என் காதில், "நான் தொடுலாமா அம்மச்சி?" என்று கேட்டாள். நினைத்திருந்தால் கையை நீட்டித் திருப்பியிருக்கலாம். கேட்டாள். நான் தலையாட்டினேன். மகளிடம் ஆட்டியதுபோல் அல்ல.

அவள் வெள்ளைகளைக் கீழே இறக்கினாள், ஊளை நின்றது. பிறகு என் டேப்பைத் தடவிப் பார்த்தாள். "இதுக்குக் கீழ என்னது?"

"நீலம்" என்றேன்.

"அதாக்கும் அவனுக்குப் போற வழி. மூடி இருக்கு."

அந்த டேப்பை நான்தான் உரித்தேன். இரண்டு வருடம் வெயிலில் கிடந்து ஒட்டிப்போயிருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்தேன். எட்டு நீலமும் ஒரே மாதிரிப் பூட்டிக் கிடந்தன. அவள் போதகருடையதைத் திறந்தாள், பாட்டுக்காரர்களுடையதைத் திறந்தாள். அவனுடைய நீலத்தை மட்டும் விட்டுவிட்டாள். "இது தொறந்தா அவன் பேசுனது அவனுக்கே திரும்பிப் போவும்" என்றாள். போனில் வயரைக் குத்தினால் போன் தன் சொந்தக் காதை மூடிக்கொள்ளும், வயரில் வருவதை மட்டும்தான் கேட்கும் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் குத்திய வயரால் அவனுக்குக் காற்றுச் சத்தம்கூடப் போகவில்லை.

"இப்ப கேக்கு" என்றான் அவன் ஸ்பீக்கரில். பிறகு, "எல்லாம் முடிஞ்சா?" என்று கேட்டான்.

ஆராதனை பாதி தாண்டியிருந்தது. முன்வரிசையில், "மணி மூணு ஆவுது, இனி தாமசிக்காண்டாம்" என்று யாரோ சொல்வது கேட்டது. நான் எழுந்தேன். என் மேசையிலிருந்த மஞ்சள் துண்டு மைக்கை எடுத்தேன். நாற்பது வருடமாக மற்றவர்கள் பேச நான் மைக் கட்டியிருக்கிறேன். நான் பேசியதில்லை.

"ஐயா, செட்டுல குற்றம் இல்ல. குற்றம் எனக்கதாக்கும். அவனுக்குப் போற வழிய நானே அடச்சு வச்சிருந்தேன். அவன் ஒண்ணும் கேக்கேல. முதல்ல இருந்து ஒருக்க நடத்தணும். மண்ணு போடப் பிந்தினா அதுக்கும் நான் பதில் சொல்லுகேன்."

போதகர் கூட்டத்தைப் பார்த்தார். அவர் புத்தகத்தை முதல் பக்கத்துக்குத் திருப்பினார்.

பாட்டு மறுபடி தொடங்கியபோது இன்னொரு சங்கடம் வந்தது. அவனும் கூடப் பாடினான். ஆனால் அவன் குரல் பாதி வரி பிந்தித்தான் எங்களுக்கு வந்தது. இரண்டு பாட்டும் கலந்து குழம்பிற்று. அவனை மூடிவிடலாமா என்று வெள்ளைத் திருகில் கை வைத்தேன். அதற்குள் போதகர் கையைத் தூக்கி நிறுத்தினார். எங்கள் சபையில் எழுத்துத் தெரியாதவர்களுக்காக முன்பு ஒருவர் ஒரு வரியைச் சொல்லுவார், மற்றவர்கள் கேட்டுப் பாடுவார்கள். நான் பாட்டு படித்ததெல்லாம் அப்படித்தான். போதகர் அதேபோல் நடத்தினார். நாங்கள் ஒரு வரி பாடி நிறுத்தினோம். அவன் தனியாக அந்த வரியைப் பாடி முடிக்கும்வரை முற்றம் முழுக்கப் பேசாமல் நின்றது. பிறகு அடுத்த வரி. ஐந்து நிமிடப் பாட்டுக்குப் பத்து நிமிடம் ஆயிற்று.

மீன்காரி ஹெட்போனைத் தேடினாள். அது வீட்டில், அலமாரியில். தன் பையிலிருந்து போனுக்குள்ள ஒரு சின்ன இயர்போனை எடுத்து மிக்சரில் குத்தி, ஒரு பக்கத்தை என் காதில் வைத்தாள். அவனுக்கு என்ன கேட்கிறதோ அது எனக்கும் கேட்டது. சத்தம் மெலிதாக இருந்தது. பெண்கள் பாடுவது அடைத்தாற்போல் கேட்டது. பச்சைத் துண்டின் நீலத்தை நானே இன்னும் கொஞ்சம் திறந்தேன். தெளிந்தது. மற்றவன் காதில் எப்படி விழுகிறது என்று நான் கேட்டது அதுவே முதல் தடவை.

பெட்டி மூடுமுன் அவன் அம்மாவிடம் பேசினான். என்ன பேசினான் என்று இங்கே எழுதமாட்டேன். ஒரு வார்த்தை தவறாமல் கேட்டது, அது போதும். அடக்கம் முடிய நாலு மணி தாண்டிற்று. யாரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை.

வயர் சுருட்டும்போது மீன்காரியும் கூட நின்று சுருட்டினாள். இதெல்லாம் எங்கே படித்தாய் என்று கேட்டேன்.

"எங்க கோயில்ல பாட்டுக்கு மிக்சர்ல இருக்கியது நானாக்கும், அம்மச்சி. அது பன்னிரண்டு ஓட்ட உள்ளது. நான் முதல்ல இருந்த திருநாளுக்கு, பிரசங்கம் பாதி ஸ்பீக்கர்ல வராம போச்சு. பிரசங்கம் வச்ச அச்சன் எனக்க பக்கம் பாத்த பார்வ இருக்கே!"

"காலையில நீ சொன்னப்ப நான் கேக்கேல" என்றேன்.

"அதுக்கென்ன. நான் மீனுக்க காரியம் பாக்கப் போறேன். நாளைக்குச் சாளை வரும், ஒங்களுக்கு நல்லதாப் பாத்து வைக்கட்டா?" என்று சிரித்தாள்.

இப்போது என் மிக்சரில் டேப் இல்லை. நீல வரிசைக்குப் பக்கத்தில் நீலத் துணி ஒட்டியிருக்கிறேன். எங்கே கட்டினாலும் முதலில் ஹெட்போனைத் தலையில் மாட்டிக் கேட்கிறேன். சில பேர் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எனக்கு நன்றாகக் கேட்டதால் எல்லோருக்கும் கேட்டிருக்கும் என்றுதான் இவ்வளவு வருடமும் இருந்தேன். மிக்சரில் மட்டுமல்ல, ஏழு பிள்ளைகளிடமும் அப்படித்தான் பேசியிருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது.

இதை மூன்று நாள் உட்கார்ந்து நானே எழுதினேன். எழுத்துப் பிழையைத் திருத்தித் தந்தது தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் என் பேத்தி. பத்திரிகைக்கு அனுப்பத் தாளை உறைக்குள் வைக்கப் போனவளை நிறுத்தினேன்.

"இன்னும் ஒட்டாண்டாம் மக்கா. நீ அந்த அறையில போய் நின்னு முதல்ல இருந்து வாசி. நான் இஞ்ச இருந்து கேக்கேன்."