கிளிவெட்டிக்காரன் வாசித்த இத்தாலிப் புத்தகம்

துறைமுகத்துக்கு அருகிலுள்ள நூலகமொன்றில் நான் உதவியாளராக வேலை செய்கிறேன். இத்தாலியில் நெடுங்காலம் இருந்துவிட்டுத் திரும்பிய குடும்பமொன்று எங்களுக்குப் பெட்டி நிறையப் புத்தகங்களைத் தந்தது. ஓவியர்கள், சிசிலித் தீவின் வரலாறு, கவிதைத் தொகுப்புகள். எல்லாமே இத்தாலிய மொழியில். ஆசையாக ஒரு தட்டில் அடுக்கினேன். மாதக்கணக்காக ஒருவரும் தொடவில்லை.

"பிள்ளை, இடம் காணாது. இதை ஆர் வாசிக்கப்போகினம்? கழிச்சுவிடுவம்," என்றார் நூலகர்.

அவர் சொன்னதில் பிழையில்லை. எனக்குத்தான் மனம் வரவில்லை. இந்த மாதம் முடியும்வரை பொறுக்கச் சொல்லிக் கேட்டேன்.

அந்தக் கிழமை கிளிவெட்டியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு அம்மா, பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் பேப்பர் பார்க்க உள்ளே வந்தார். சிசிலி வரலாற்றுப் புத்தகத்தின் அட்டையிலிருந்த தேவாலயத்தைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"இது பலெர்மோ நகரமெல்லோ? என்ர மகன் அங்க ஹோட்டல் குசினியில சமையல் வேலைக்கு நிக்கிறான். இதுக்கு முன்னால நிண்டு படம் அனுப்பினவன். உள்ள என்ன எழுதியிருக்கு?"

"எனக்கு வாசிக்க ஏலாதம்மா."

"அப்ப அவனையே கேப்பம்."

அன்றைக்கு மகனுக்கு லீவு. வீடியோ அழைப்பில் வந்தார். நான் பக்கத்தை விரித்துப் போனுக்கு முன்னால் பிடித்தேன். இத்தாலிய மொழியில் தங்குதடையின்றி வாசித்துவிட்டுத் தமிழில் சொன்னார்.

"ஒரு காலத்தில அரபிகள்தான் இஞ்ச ஆண்டவை. எலுமிச்சை அவையள் கொண்டுவந்ததாம். தோட்டங்களுக்குத் தண்ணி பாய்ச்ச நிலத்துக்குக் கீழால வாய்க்கால் வெட்டினவை."

"அரபிகளோ?" என்று பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த மூதூர் முஸ்லிம் பெரியவர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், எழுந்து வந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர். சத்தத்தை அடக்க வந்த நூலகரும் நின்று கேட்டார்.

"தம்பி, அந்த வாய்க்கால் இப்பவும் இருக்கோ?" என்றார் நூலகர்.

"ஓம் சேர். நான் இறங்கிப் பாத்தனான்."

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பள்ளிக்கூடத்தில வாசிக்கச் சொன்னா அழுகிறவன், பிள்ளை," என்றார். அவருடைய கண் திரையைவிட்டு அசையவில்லை.

நூலகர் தொண்டையைச் செருமினார். "மாதத்தில ஒரு நாள் எங்களுக்கு இப்பிடி வாசிச்சுச் சொல்லுவீங்களோ, தம்பி?"

மறுமாதம் சுவரில் பெரிய திரை கட்டினோம். இத்தாலியில் பிள்ளைகளை வைத்திருக்கிறவர்கள் கந்தளாயிலிருந்தும் இறக்கக்கண்டியிலிருந்தும் வந்தார்கள். அந்த அம்மா நல்ல சேலை உடுத்தி முன்வரிசையில் இருந்தார். கதிரைகள் போதவில்லை. நூலகர் தன் கதிரையையும் தூக்கிக் கொடுத்துவிட்டு, என்னோடு சுவரோரம் நின்று கடைசிவரை கேட்டார்.