செம்புநாச்சிகுடியின் கருத்து

சாய்ந்தமருதுக் கணித ஆசிரியை றிபாவுக்கு இணையம் முழுக்க ஒரே பெயர்தான். பத்து வருசத்துக்கு முன்னர் கணக்குப் பாடம் பகிரும் தளம் ஒன்றில் சேர்ந்தபோது பயனர் பெயர் கேட்டார்கள். றிபா என்று அடித்தாள். யாரோ வைத்திருக்கிறார் என்றது. றிபா1 என்றாள், அதுவும் போயிருந்தது. எரிச்சலில் தன் குடிப் பெயரை அடித்தாள்: செம்புநாச்சிகுடி. உலகத்தில் வேறு எவரும் அதற்கு வரிசையில் நிற்கவில்லை.

அன்றிலிருந்து சமையல் குழு, கிரிக்கெட் அரட்டை, பழைய ஸ்கூட்டர் விற்கும் தளம், சாப்பாட்டுக் கடைகளுக்கு நட்சத்திரம் போடும் தளம், எங்கும் அவள் செம்புநாச்சிகுடிதான். ஒரே பெயர் வைத்தால் எவனாவது மோப்பம் பிடித்து வந்துவிடுவான் என்று தங்கை ஹாஜறா பயமுறுத்தினாள். வந்தால் தேத்தண்ணி கொடுப்போம் என்றாள் றிபா. ஒருமுறை வட்டிலப்பம் என்ற இனிப்பின் செய்முறைக் குறிப்பின் கீழே மலேசியாவிலிருந்து ஒருவன், பின்னக் கணக்குச் சொல்லித்தந்த ஐயா நீங்கள்தானே என்று கேட்டிருந்தான். ஐயா ஆனதில் அவளுக்கு ஒரு வாரம் தலைகால் புரியவில்லை.

வினை புரியாணியில் வந்தது. ஊரில் ஒரு கலியாணம். சாப்பாடு புதிதாகத் திறந்த ஒரு கடையிலிருந்து. றிபா ஒற்றை நட்சத்திரம் போட்டு எழுதினாள்: “உப்புக் கூடிவிட்டது. கோழி என்னைவிட வயதில் மூத்தது, மரியாதைக்காக விட்டுவிட்டேன்.”

ஊரார் கண்ணில் பட்டது றிபா அல்ல, குடி. இலங்கையின் இந்தக் கிழக்குக் கரையில் குடி என்பது தாய்வழியாக வரும் வம்சம்; ஒவ்வொரு குடிக்கும் பள்ளிவாசலில் பேச ஒரு மரைக்கார் உண்டு. வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடிந்ததும் பெண்வீட்டுக் குடியின் மரைக்கார், செம்புநாச்சிகுடி மரைக்கார் உதுமாலெவ்வையை மறித்து, ஒரு குடியே கூடி எங்கள் கலியாணச் சோற்றைக் குறை சொல்வதா என்று கேட்டார். உதுமாலெவ்வை முழித்தார். போனைக் காட்டினார்கள். கோழியின் வயதைப் படித்ததுமே அவருக்கு ஆள் விளங்கிவிட்டது. றிபா அவருடைய கூடப்பிறந்த தங்கையின் மகள்.

அன்றைக்கே வீட்டுக்கு வந்தார். அடுத்த ஜும்மாவுக்குள் எல்லா இடத்திலும் பெயரை மாற்றிவிட வேண்டும் என்றார்.

“குடிப்பேரு எல்லாருக்கும் உள்ளது புள்ள. நீ தனியா எடுத்து வெச்சா எப்புடி?”

றிபா வழமைபோல் ஒரு பகிடி விடத்தான் வாயெடுத்தாள். வாயில் வந்தது வேறு.

“எனக்கு மூணும் ஆம்புளப்புள்ளைகள், மாமா. அவனுகள்ட புள்ளைகள் பொஞ்சாதிமார்ர குடிக்குத்தான் போகும். ஹாஜறாக்குப் புள்ள இல்ல. எங்கட உம்மாட ஊட்டுல இந்தப் பேரு எங்களோட முடியிது. எழுதின இடத்திலயாவது இரிக்கட்டுமே.”

இருபது வருசமாகக் குடியின் வீடுகளையெல்லாம் விரல்நுனியில் வைத்திருந்தவருக்கு, சொந்தத் தங்கையின் வீட்டில் இது நடப்பது அதுவரை உறைத்திருக்கவில்லை. வெட்கமாக இருந்தது. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, பெயரைப் பற்றி மறுபேச்சு இல்லாமல் எழும்பிப் போனார். பழி மற்றவர்கள்மேல் விழக் கூடாதென்று றிபாவும் அந்தக் கருத்தின் கீழே, எழுதியது றிபா என்று சேர்த்துவிட்டாள்.

அடுத்த வெள்ளி பெண்வீட்டு மரைக்கார் விடவில்லை. அந்தப் பெயர் இன்னும் அப்படியே கிடக்கிறதே, ஒரு பெண்பிள்ளையிடம் சொல்லி மாற்ற உங்களால் முடியாதா என்றார்.

“ஓம், கிடக்கிதுதான்,” என்றார் உதுமாலெவ்வை. “குடி அவள்ர. நான் சும்மா மரைக்கார்தானே.”